"போருக்குப் பிறகு சுடவே இல்லை" என்கிறார் விற்பவர்: நம்பி வாங்கலாமா?

வாசகரின் கடிதம்

ஆறு பக்கக் கடிதம். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை, அவர் வாழும் நாட்டின் பெயர் உட்பட, நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 46. இரண்டு ஆண்டுகளாகத் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். .22 ரைஃபிளில் 50 மீட்டர் தூரத்துக் காகித இலக்கைச் சுட்டுப் பழகியிருக்கிறார். இப்போது வரலாறு உள்ள ஒரு ராணுவ ரைஃபிள் சொந்தமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் .303 ரைஃபிள் (அந்த எண் அங்குலத்தில் குழலின் விட்டம்) ஏந்தியவர். தனிநபர் ஒருவரிடம் இரண்டு ரைஃபிள்கள் விற்பனைக்கு இருக்கின்றன. ஒன்று, கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் 1943-ல் செய்த, அதே .303 தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1*. மற்றது, சோவியத் ஒன்றியத்தின் இஷெவ்ஸ்க் ஆலையில் 1942-ல் செய்த மோசின்-நாகாந்த் 91/30. இரண்டுமே போருக்குப் பிறகு சுடப்படவில்லை என்கிறார் விற்பவர். மோசினில் எல்லா எண்களும் ஒத்துப்போகின்றன, யாரும் கை வைக்காத துப்பாக்கி என்றும் சொல்கிறார். அதை எடுத்தால் 440 தோட்டாக்கள் அடங்கிய, முத்திரை உடையாத தகர டப்பா ஒன்றை இலவசமாகத் தருவாராம். வேறொருவர் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டுமாம்.

வாசகர் இதுவரை பார்த்தது புகைப்படங்களை மட்டுமே. எண்பது ஆண்டு பழையது என்பதால் உரிமச் சிக்கல் இராது என்று நினைக்கிறார். ராணுவத்துக்காகச் செய்தது எளிதில் கெடாது, ஆகவே தனியாகச் சோதிக்கத் தேவையில்லை என்பது அவருடைய நம்பிக்கை. வாங்கியதும் கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்து, மேலே தொலைநோக்கி பொருத்தும் எண்ணமும் இருக்கிறது. மனைவிக்குத் துப்பாக்கி என்றாலே அச்சம். எனவே வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். "எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, அந்தத் தோட்டாக்களைச் சுடலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

என் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுதுபார்ப்பவராக, பல ஆண்டுகள் வேலை செய்தும், பழைய ரைஃபிள் ஒன்றின் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் எஃகு உருளையை) கழற்றி வெளிச்சத்தில் குழலைப் பார்க்கும் அந்த முதல் நிமிடத்தில் இன்றும் எனக்கு ஆவல் குறையவில்லை. யாரோ ஒருவர் மழையிலும் சேற்றிலும் தோளில் சுமந்த பொருள் அது. அதை வைத்துக் காகித இலக்கைச் சுடுவது நல்ல பொழுதுபோக்குதான். உங்களைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் விற்பவர் சொன்னவை நிறைய இருக்கின்றன; துப்பாக்கியை அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டது ஒன்றுமே இல்லை. நேரில் பார்க்காமல், அளவுகோல் வைத்துச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒரு வாரக் கெடுவுக்குள் அது முடியாவிட்டால் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். மோசின்-நாகாந்த் மட்டும் மூன்று கோடிக்கு மேல் உற்பத்தியானது. லீ-என்ஃபீல்டு வகைகளும் ஒரு கோடிக்கு மேல்தான். அவசரப்பட்டு வாங்க இவை அரிய பொருள்கள் அல்ல.

பழையது என்பதால் உரிமம் தேவையில்லை என்ற எண்ணம்

இதை முதலில் சரிசெய்துவிடுவோம், ஏனெனில் இதில் தவறினால் சிறைக்குப் போக நேரலாம். "பழம்பொருள்" என்ற சலுகை எத்தனை ஆண்டு பழையது என்பதை மட்டும் பார்த்துக் கிடைப்பதல்ல. அமெரிக்க மத்திய சட்டத்தில் 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிதான் பழம்பொருள். 1942-ல் செய்தது அங்கே சாதாரண துப்பாக்கியே. பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டா அளவுகளுக்குத்தான் சலுகை, அதுவும் அலங்காரமாக வைத்திருக்கும்வரை. சுட நினைத்தால் உரிமம் வேண்டும். .303 அந்த வழக்கொழிந்த பட்டியலில் இல்லை. இந்தியாவிலோ .303, 7.62 போன்ற படைத்துறைத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்கின்றன. சாதாரண உரிமத்தில் அவற்றை வாங்க முடியாது. ஒரே ரைஃபிள் மூன்று நாடுகளில் மூன்று விதம்.

உங்கள் நாட்டில் உரிமத்துடன் இதை வைத்திருக்கலாம் என்று கிளப் செயலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அதை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாதிரி, தோட்டா அளவு, வரிசை எண் மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது "எடுத்துப்போய் வைத்திருங்கள், தாள்கள் பிறகு வரும்" என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் தோட்டாவுக்கும் அனுமதி தனியாக உண்டு. அந்த 440 தோட்டாக்கள் இலவசம் என்பதால் சட்டம் அவற்றை விட்டுவிடாது. விற்பவரின் பெயரில் துப்பாக்கி பதிவாகி இருக்கிறதா என்பதையும் நீங்கள் கேட்டாக வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்டவுடன் அவர் முகம் சுளித்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விற்பவரின் கதையும் இரும்பு சொல்வதும்

நீங்கள் அனுப்பிய படங்களில் மோசினின் தோட்டா அறைக்கு மேலே, முக்கோணத்துக்குள் அம்பு இருக்கும் முத்திரை தெரிகிறது. அது இஷெவ்ஸ்க் ஆலையின் குறிதான். ஆனால் அதற்குச் சற்றுத் தள்ளி, குறுக்குக்கோடு போட்ட சிறிய சதுரம் ஒன்றும் இருக்கிறதே, கவனித்தீர்களா? போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் பழுதுபார்த்துப் புதுப்பித்த துப்பாக்கிகளில் அந்தக் குறியைப் பார்க்கலாம். கட்டையில் சிவப்பாக மின்னும் அரக்குப் பூச்சும் அந்தப் புதுப்பித்தலின் அடையாளமே. அங்கே பல துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து மீண்டும் பூட்டினார்கள். போல்ட்டிலும் தோட்டாப் பெட்டியின் அடித்தகட்டிலும் குழலின் எண்ணைப் புதிதாகப் பொறித்தார்கள். எனவே "எல்லா எண்களும் ஒத்துப்போகின்றன" என்பது உண்மையாக இருக்கலாம், "யாரும் கை வைக்காதது" என்பது உண்மையல்ல. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை; அவருக்கே தெரியாமல் இருக்கலாம். புதுப்பித்த மோசின் மோசமான துப்பாக்கியும் அல்ல. பல சமயம் அது நல்ல நிலையில்தான் இருக்கும். கதைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

நேரில் போகும்போது சின்ன டார்ச் ஒன்றும், துப்பாக்கியில் பழக்கமுள்ள ஒருவரும் உடன் வரட்டும். கையில் வாங்கியதும் காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அறைப் பக்கமிருந்து குழலைப் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக, முனைவரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். கறுத்திருப்பது குற்றமல்ல, புள்ளி புள்ளியாக அரித்திருப்பது குற்றம். அரிப்பு லேசாக இருந்தால் ஓரளவு சுடும், ஆனால் சுத்தம் செய்வது தீராத வேலையாகிவிடும்.

குழலின் முனையை மறக்காதீர்கள். இந்த வகை ரைஃபிள்களைச் சிப்பாய்கள் முனைப் பக்கமிருந்து கம்பியை விட்டுச் சுத்தம் செய்ததால், அந்த இடம்தான் முதலில் தேயும். மோசின்களில் சிலவற்றின் முனையில் கொஞ்ச தூரத்துக்கு வரிப்பள்ளமே இல்லாமல் அகலமாகக் குடைந்திருப்பார்கள். தேய்ந்த பகுதியை நீக்கி, குண்டு வெளியேறும் விளிம்பைப் புதிதாக்க ராணுவமே செய்த வேலை அது. பார்க்கப் பயமாக இருந்தாலும், நன்றாகச் செய்திருந்தால் துல்லியம் திரும்பிவிடும்.

லீ-என்ஃபீல்டில் பார்க்க வேண்டியது வேறு. போல்ட் கைப்பிடியின் பின்புறம் பொறித்த எண், துப்பாக்கி உடலின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். இந்த ரைஃபிளில் பூட்டுப் பற்கள் போல்ட்டின் பின்பகுதியில் இருக்கின்றன. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் உடலுக்குப் பொருத்தித் தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். எண் மாறியிருந்தால் அது வேறொரு துப்பாக்கியின் போல்ட். ஆர்மரர் பார்க்கும்வரை சுடக்கூடாது. மார்க் 1* என்பதால் இன்னொன்றும் உண்டு. போல்ட் தலை ஓடும் தண்டவாளம் போன்ற விளிம்பில், தலையை வெளியே எடுப்பதற்காக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். பல்லாண்டுப் பயன்பாட்டில் அந்த வெட்டின் ஓரம் உடைந்துபோவது இந்த மாதிரியின் தெரிந்த பலவீனம். உடைந்திருந்தால் போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை தண்டவாளத்தை விட்டு எகிறிக்கொள்ளும். நகத்தால் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

"DP" (டிபி) என்ற ஆங்கில எழுத்துகள் எங்கேனும் பொறித்திருக்கின்றனவா என்றும் தேடுங்கள். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கிய துப்பாக்கியின் குறி அது. சுடத் தகுதியில்லை என்று ராணுவமே தள்ளிவைத்ததை நாம் சுடக்கூடாது.

ராணுவப் பொருள் கெடாது என்பது பற்றி

ராணுவத்துக்காகச் செய்தது உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அதே காரணத்தால் அது ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டிருக்கலாம், போர் நெருக்கடியில் அவசரமாகச் செய்திருக்கலாம், பலர் கையில் பலவிதமாகப் பழுதுபட்டிருக்கலாம். 1942-ம் ஆண்டு மோசினின் உடலில் அரத்தின் கீறல்களைக்கூட மழுப்பாமல் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆண்டு அவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை.

பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அதற்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. சுடும்போது தோட்டா அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் எழுகிறது. பித்தளை உறை விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ள, அதன் அடிப்பகுதி மட்டும் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இடைவெளி அதிகமாக இருந்தால் உறை நீண்டு, விளிம்புக்குச் சற்று மேலே அறுந்துபோகும். கொதிக்கும் வாயு எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வரும். உங்கள் முகம் இருப்பது அந்தப் பக்கம்தான்.

ஒருமுறை ஒருவர் என்னிடம் லீ-என்ஃபீல்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "நன்றாகத்தான் சுடுகிறது, இன்று மட்டும் அடுத்த தோட்டா உள்ளே போகவில்லை" என்றார். அறைக்குள் அடியில்லாத உறை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. போல்ட் வேறு துப்பாக்கியுடையது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கன்னத்தில் சிறு காயத்தோடு தப்பினார். அவர் பையிலிருந்த மற்ற உறைகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் பளபளவென்று ஒரு வளையம். எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது, அவருக்கு அந்தக் குறி தெரிந்திருக்கவில்லை. நீங்கள் சுட்ட ஒவ்வொரு உறையிலும் அந்த வளையத்தைத் தேடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சோதிக்க 'கோ', 'நோ-கோ', 'ஃபீல்டு' என்ற எஃகு அளவுகோல்கள் இருக்கின்றன. 'கோ' வைத்தால் போல்ட் மூட வேண்டும். 'ஃபீல்டு' வைத்தால் மூடக்கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது. .303-க்கு ராணுவம் ஏற்றுக்கொண்ட வரம்பு 0.064 அங்குலம் முதல் 0.074 அங்குலம் வரை. ஆர்மரர் ஒருவருக்குப் பத்து நிமிட வேலை. நம்பர் 4 ரைஃபிளில் ஓர் அருமையான வசதி உண்டு: போல்ட் தலையைத் திருகிக் கழற்றலாம், 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு நீளங்களில் அது செய்யப்பட்டது. இடைவெளி சற்று அதிகமானால் அடுத்த எண்ணுள்ள தலையை மாற்றிப் பார்க்கலாம். மோசினில் அந்த வசதி இல்லை.

விற்பவரிடம் எழுத்தில் ஒரு நிபந்தனை கேளுங்கள்: ஆர்மரர் சோதனையில் தேறாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தர வேண்டும். நியாயமானவர் மறுக்க மாட்டார்.

அந்தத் தகர டப்பா

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். "7.62 தோட்டா எங்கும் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். 7.62 என்பது குழலின் விட்டத்தைச் சொல்லும் எண், தோட்டாவின் முழுப் பெயர் அல்ல. மோசினுக்கு வேண்டியது 7.62×54ஆர், இரண்டாம் எண் உறையின் நீளம், 'ஆர்' என்பது விளிம்பைக் குறிக்கிறது. 7.62×39, 7.62×51 இரண்டும் வேறு வேறு தோட்டாக்கள். துப்பாக்கிக்குரிய தோட்டாவின் முழுப் பெயரும் தோட்டாப் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டுமே சுட வேண்டும். சந்தேகம் இருந்தால் கிளப் ஆர்மரரிடம் காட்டாமல் அறைக்குள் வைக்காதீர்கள்.

டப்பாவுக்குள் இருப்பவை சோவியத் காலத் தோட்டாக்கள் என்றால், அவற்றின் பிரைமர் (உறையின் அடியில் முதலில் பற்றி மருந்தைக் கொளுத்தும் சிறு வெடிப்பொருள்) குழலை அரிக்கும் வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், விற்பவர் என்ன சொன்னாலும். அந்தப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. வெடித்த பின் குழலில் படிவது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெறுமனே மூடிவைக்கும். கரைப்பது தண்ணீர். சுட்ட அன்றே கொதிநீரைத் தோட்டா அறைப் பக்கமிருந்து ஊற்றிக் கழுவி, போல்ட் முகத்தையும் துடைத்து, முழுக்க உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் இட வேண்டும். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவுவதா என்று புதியவர்கள் திகைப்பார்கள். எண்ணெய் மட்டும் போட்டுவைத்த பல நல்ல குழல்கள் பாழானதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, குண்டின் நுனியைப் பாருங்கள். வெள்ளி நிறம் பூசியிருந்தால் உள்ளே மென்னெஃகு இருக்கும். காந்தம் ஒட்டும். தீப்பொறியும் திசைமாறிய சிதறலும் வரும் என்பதால் பல சுடுதளங்கள் அதை அனுமதிப்பதில்லை. நுனி கறுப்பாகவும் கீழே சிவப்பு வளையமாகவும் இருந்தால் அது கவசத்தைத் துளைத்துத் தீ வைக்கும் தோட்டா. விளையாட்டுக்கு அது எந்த விதத்திலும் பொருந்தாது, பல நாடுகளில் குற்றமும்கூட. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நீங்களே அப்புறப்படுத்த முயலாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

பழைய தோட்டா தாமதமாக வெடிப்பதும் உண்டு. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி அசையாமல் காத்திருங்கள். உடனே போல்ட்டைத் திறப்பவர்கள் கையையும் கண்ணையும் பணயம் வைக்கிறார்கள்.

என் யோசனை இது: டப்பாவை வாங்காதீர்கள். .303-க்கும் 7.62×54ஆர்-க்கும் அரிக்காத பிரைமருடன் புதிதாகச் செய்த தோட்டாக்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். மாதத்துக்கு நாற்பது தோட்டா சுட்டாலும் உங்களுக்கு நிறைவாக இருக்கும்.

இரண்டில் எது?

இரண்டும் சோதனையில் தேறினால் உங்களுக்கு லீ-என்ஃபீல்டையே சொல்வேன். நீங்கள் .22-ல் துளைவழியே குறிபார்த்துப் பழகியவர். நம்பர் 4-லும் கண்ணருகே துளைக்குறி இருக்கிறது. போல்ட் வழுக்கிக்கொண்டு நகரும். தாத்தாவின் நினைவும் சேர்ந்துகொள்ளும். (.303 என்றாலே நம்பர் 4 அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பர் 1 மார்க் 3 என்ற முந்தைய மாதிரியும் அந்தப் போர் முழுவதும் பயன்பட்டது. குழல் முனை மொட்டையாக, கட்டையோடு முடிவது அது. குழல் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பது நம்பர் 4. தாத்தாவின் பழைய படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.) மோசின் முரட்டு ரைஃபிள். போல்ட் கெட்டியாக இருக்கும், பாதுகாப்புப் பூட்டு போடப் பின்குமிழை வலிமையாக இழுத்துத் திருப்ப வேண்டும், எஃகுத் தகடு வைத்த கட்டை தோளில் இடிக்கும். அதை விரும்புகிறவர்கள் உண்டு, முதல் ராணுவ ரைஃபிளாக அது உங்களுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

இரண்டும் தேறாமல் வேறு தேடப் போனால், சுவிட்சர்லாந்தின் கே31, சுவீடனின் 6.5×55 மௌசர் ஆகிய ராணுவ ரைஃபிள்கள் இரண்டும் நேர்த்தியாகச் சுடக்கூடியவை. சுவீடன் மௌசரின் கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் குழலின் நிலையையே குறித்திருப்பார்கள். கே31-ன் பின்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த வீரரின் பெயர்ச்சீட்டு சிலவற்றில் இன்னும் இருக்கும். மாறாக, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலை செய்த எம்1903 ரைஃபிளில் 8,00,000-க்குக் குறைந்த வரிசை எண் என்றால் சுடுவதற்கு வாங்காதீர்கள். எஃகு எவ்வளவு சூடேறியது என்பதை அந்நாளில் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். அளவு மீறிச் சூடானவை கண்ணாடிபோல் நொறுங்கியிருக்கின்றன. ஜப்பானின் பயிற்சி ரைஃபிள்களும் அப்படியே, பார்க்க அசல் அரிசாகா ராணுவ ரைஃபிள் போலிருக்கும், உள்ளே வார்ப்பிரும்பு.

தேய்க்கவும் துளைக்கவும் வேண்டாம்

உப்புத்தாள் வேண்டாம் என்று உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கட்டையில் இருக்கும் ஆய்வாளர் முத்திரைகளும் பழுதுபார்த்த குறிகளும்தான் அந்தத் துப்பாக்கியின் சரித்திரம்; ஒரு மாலைப்பொழுதில் அவை காணாமல் போய்விடும். லீ-என்ஃபீல்டின் முன்கட்டையை இழைத்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. அதன் உட்புறம் குழலைத் தாங்கும் அழுத்தம் குறைந்து குறியும் கலையும். அழுக்கை மெல்லிய துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய்யைச் சில துளிகள் உள்ளங்கையில் தேய்த்துத் தடவுங்கள். போதும்.

தொலைநோக்கிக்காக உடலில் துளையிட்டால் சேகரிப்பாளர் மதிப்பில் பெரும்பகுதி அன்றே போய்விடும், மீட்க வழியில்லை. துளையிடாமல் பூட்டும் தாங்கிகள் இருக்கின்றன. அதற்கும் முன், உள்ள குறியோடு ஓராண்டு சுட்டுப் பாருங்கள். முதல் நாள் 100 மீட்டரில் குண்டு ஒரு சாண் உயரே போனால் துப்பாக்கியில் கோளாறு என்று நினைக்காதீர்கள். போர்க்களத் தூரத்துக்காக வைத்த குறி அது. மோசினையோ பயனெட் (குழல் முனையில் பொருத்தும் குத்துக்கத்தி) மாட்டிய நிலையில்தான் குறி சரிசெய்தார்கள். கழற்றினால் குண்டு இடம் மாறும். முன்குறியை உயர்த்தினால் குண்டு இறங்கும், அதற்கு முன்குறியின் மேல் மாட்டிக் கழற்றக்கூடிய சிறு மூடிகள் உண்டு.

காதுக்கு அடைப்பான், அதன் மேல் கவசம், இரண்டும் வேண்டும். .22-க்குப் பழகிய காது இந்தச் சத்தத்தை ஒருமுறை வெறுமனே கேட்டாலே நிரந்தரமாகப் பழுதாகலாம். தளத்துக்கு வெளியே, பின்னால் மண்மேடு இல்லாத வெட்டவெளியில் ஒரு தோட்டாகூட வேண்டாம். இந்தக் குண்டுகள் மூன்று கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும்.

வீட்டில் சொல்லுங்கள்

மனைவிக்குத் தெரியாமல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. துப்பாக்கி அவர் வாழும் வீட்டுக்குள்தான் வரப்போகிறது. எங்கே பூட்டப்படும், சாவி யாரிடம் இருக்கும், தோட்டா வேறு எந்த அலமாரியில் இருக்கும் என்பதை வாங்கும் முன்பே அவருடன் உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய அச்சத்தைத் தேவையற்றது என்று தள்ளாதீர்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கும்போது ஒரு குழந்தையின் ஆர்வமோ, ஒருவருடைய மனச்சோர்வான ஓர் இரவோ திருத்த முடியாத முடிவுக்குப் போய்விடலாம். அதனால்தான் பூட்டும் தனி அலமாரியும். வீட்டில் யாரேனும் இப்போது மன வேதனையில் இருந்தால், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். பல கிளப்புகளில் உறுப்பினரின் துப்பாக்கியைத் தங்கள் பெட்டகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் கிளப்பில் கேளுங்கள். அவருக்கும் உங்களுக்கும் அது பொருந்தலாம். ஒருநாள் அவரையும் தளத்துக்கு அழைத்துப் போங்கள், சுட வேண்டாம், பின்னால் நின்று பார்க்கட்டும்.

உரிமம் கைக்கு வந்து, லீ-என்ஃபீல்டை ஆர்மரரிடம் கொண்டுபோகும் நாளில் போல்ட் தலையில் எந்த எண் பொறித்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தலை 3 என்றிருந்து, 'ஃபீல்டு' அளவுகோலிலும் போல்ட் மூடிவிட்டால், அதற்கு மேல் மாற்ற நீளமான தலை எளிதில் கிடைக்காது. அந்தத் துப்பாக்கியை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 0 அல்லது 1 என்றிருந்து சோதனையிலும் தேறினால், முதல் ஐந்து உறைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அவற்றின் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.